முகம் தெரியும்படி எடுங்கள்

பயணத்துக்கு எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போகிற ஊரில் பொழுது எத்தனை மணிக்கு விடிகிறது? பெரும்பாலும் பதில் இருக்காது. தங்கும் விடுதி, பார்க்க வேண்டிய இடங்கள், நல்ல சாப்பாட்டுக் கடை எல்லாம் குறித்து வைத்திருப்பார்கள். வெளிச்சத்தை மட்டும் விட்டிருப்பார்கள். படத்துக்கு முதல் சரக்கே அதுதான்.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டு லடாக் வரை போய் வந்திருக்கிறேன். ஆனாலும் தொழிலைக் கற்றுக்கொடுத்தது எங்கள் மாவட்டம். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை உப்பளம், செக்கச் சிவந்த மணல் பரந்த தேரிக்காடு, கறுப்பு பூசிய காளி முகங்களோடு குலசேகரன்பட்டினம் தசரா. கேமராவைத் திணறடிக்கிற மூன்று நிறங்களும் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் இருக்கின்றன. அங்கே மனித முகத்தை உள்ளபடி எடுக்கத் தெரிந்துவிட்டால் வேறு எந்த ஊரிலும் எடுத்துவிடலாம். ஊர் சுற்றிப் படம் எடுப்பதில் நான் கவலைப்படுவதும் அது ஒன்றுக்காகத்தான். கோபுரமும் அருவியும் நாளைக்கும் இருக்கும். அங்கே நிற்கிற மனிதரின் முகம் அவர் நிறத்தோடும் அவர் மரியாதையோடும் படத்தில் வர வேண்டும்.

முதலில் வெளிச்சக் கணக்கு. விடியலையும் அந்தியையும் ஒட்டிய பொன்னிற வெளிச்சம் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று மேல்நாட்டுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது அந்த நாட்டுக் கணக்கு. சூரியன் அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரும்வரைதான் அந்த இளவெயில் இருக்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் அந்த 6 டிகிரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அங்கே சூரியன் சாய்வாக ஏறுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குச் செங்குத்தாக ஏறுகிறது. தூத்துக்குடியில் அதே 6 டிகிரி 25 நிமிடங்களைச் சுற்றி முடிந்துவிடும். அதற்கு முன்னால், சூரியன் தலைகாட்டுவதற்கு முந்தைய 20 நிமிடங்களில் ஒரு நீல வெளிச்சம் உண்டு. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் தேறாது. ஆறு மணிக்கு அலாரம் வைத்து, ஆறரைக்குக் குளித்து, ஏழுக்கு டீ குடித்துக் கிளம்புகிறவருக்கு அன்றைய நல்ல வெளிச்சம் போயே போய்விட்டது.

ஆகவே ஒரு நாளைக்கு ஓர் இடம். நான்கு இடங்களைத் தொட்டுவிட்டு வரும் சுற்றுலா வண்டியில் ஏறினால் ஓர் இடத்துக்குத்தான் விடியல் கிடைக்கும். மற்ற மூன்றும் உச்சிவெயிலில் போகும். எங்கள் ஊரில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் நெற்றி மினுங்கும், கண் இரண்டும் குழியாகிவிடும். அப்போது திண்ணை, வாசல்நிலை, மரத்தடி, டீக்கடைத் தட்டியின் விளிம்பு என்று நிழலும் வெளிச்சமும் சந்திக்கிற இடத்தில் ஆளை உட்கார வையுங்கள். நிழலுக்குள் ஓரடி, முகம் வெளியே பார்த்தபடி. செல்போனிலேயே பிரமாதமாக வரும். முதல் நாள் சாயங்காலமே ஒரு நடை போய், சூரியன் எங்கே விழுகிறது, காலையில் எந்தச் சுவரில் படும், அந்த நேரத்துக்குப் பஸ் உண்டா என்றெல்லாம் பார்த்துவிடுவது என் வழக்கம். பஸ் நேரம் டீக்கடையில் தெரியும். அங்கே விசாரித்தால் எந்த உப்பளத்தில் இன்று வேலை, எந்தத் தெருவில் கோயில் கொடை என்பதும் சேர்ந்து தெரியும்.

இனி உப்பளம். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் விளைகிறது. வெயிலுக்குப் பயந்து விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உப்பு, அதை வாரிக் கூட்டுகிறவர்கள், தலையில் சும்மாடு வைத்துச் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுகிற பெண்கள். முதன்முதலாக அங்கே போகிறவர் எடுக்கும் படங்களில் உப்பு அழுக்குச் சாம்பலாகவும் மனிதர்கள் வெறும் கறுப்பு நிழலாகவும் இருப்பார்கள். கேமராவில் கோளாறு இல்லை. அதன் மீட்டர், எதிரே இருப்பது எதுவானாலும் அதைச் சராசரிச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால், “அடடா, வெளிச்சம் கூடிவிட்டது” என்று குறைத்துவிடும். அந்தக் குறைப்பில் பலியாவது கறுத்த முகம்.

ஒரு நாள் காலையில் அம்பாரத்துப் பக்கம் ஓர் அக்கா சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எங்க கறுத்த மூஞ்சிய எடுத்து என்ன செய்யப் போற? வெள்ளையாவா வரப்போவுது?”

“வெள்ளையா வர வேண்டாம்க்கா. உங்கள மாதிரி வந்தாப் போதும்.”

“அப்போ எடு, பாப்பம்.”

அவரை அம்பாரத்தைப் பார்க்கத் திரும்பி நிற்கச் சொன்னேன். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். எதிரே ஆள் உயரத்துக்கு உப்பு. பின்னால் வரும் வெயில் உப்பில் பட்டுத் திரும்பி அவர் முகத்தில் விழுந்தது. ஸ்டுடியோக்காரர்கள் முகத்துக்கு எதிரே வெள்ளைப் பலகை பிடிப்பார்களே, அந்த வேலையை அம்பாரம் செய்தது. மீட்டரை முகத்தின் மேல் மட்டும் வைத்து அளந்து, உப்பு சற்று வெளிறிப் போனாலும் போகட்டும் என்று எடுத்தேன். கண் ஓரத்தில், கூசும் வெளிச்சத்தில் வருஷக்கணக்காகச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடுகள். கழுத்தில் வியர்வை காய்ந்த வெள்ளைப் படலம். மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு சிறு தழும்பு. திரையில் காட்டியதும் பெரிதாக்கிப் பார்த்தார். “ஏ, இது நானேதான்” என்று பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டார். அதன்பிறகு அன்று யாரிடமும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு நின்றார்கள்.

இதைச் செய்யப் பெரிய கேமரா தேவையில்லை. செல்போன் திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சூரியப் படம் வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். கேமராவில் பிளஸ், மைனஸ் போட்ட பட்டன் இருக்கும். உப்பு, மணல்வெளி, பனி என்றால் பிளஸ் ஒன்று வரை கூட்டிவிட்டு ஆரம்பியுங்கள். படக் கோப்பை ரா (RAW) வடிவத்தில் சேமியுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384 படிகள். நிழலில் மறைந்த முகத்தைப் பிறகு மேலே தூக்கும்போது, ஜேபெக்கில் புள்ளி புள்ளியாக உடைந்து வருகிற தோல் ராவில் தோலாகவே வரும்.

இங்கே மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். புகைப்படத் தொழில் கறுத்த தோலை ஆரம்பத்திலிருந்தே சரியாகக் கவனிக்கவில்லை. பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் பிரிண்ட் போடும் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. முதலில் அப்படி நின்ற ஊழியரின் பெயரால் அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க எல்லார் முகமும் அந்த அளவுகோலில்தான் அச்சாயின. கூகுள் தன் பிக்சல் போனில் எல்லாத் தோல் நிறங்களுக்கும் ஏற்றபடி கேமராவைத் திருத்தியதாக அறிவித்தது 2021இல்தான். ஆனால் இன்றும் எத்தனையோ போன்களில் அழகூட்டும் வசதி தானாகவே திறந்திருக்கிறது. உப்பளத்து அக்காவின் கண்ணோரக் கோடுகளை அழித்து, தழும்பை மறைத்து, மாநிறத்துக்கு மேலே இரண்டு படி வெளுத்துக் கொடுத்துவிடும். கேமரா அமைப்புக்குள் போய் அதை மூடிவிட்டுத்தான் பயணம் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திருத்தும்போதும் இதே கவனம் வேண்டும். முகம் இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டலாம். நிறத்தை மாற்றக் கூடாது. 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக நேஷனல் ஜியாகரபிக் எகிப்துப் பிரமிடுகளின் படம் ஒன்றை எடுத்தது. படம் அகலவாக்கில் இருந்தது, அட்டையோ நெடுக்குவாக்கு. கணினியில் ஒரு பிரமிடை மற்றதன் பக்கம் நகர்த்தினார்கள். அது கல். அதற்கே அவ்வளவு கண்டனம் எழுந்தது. மனிதத் தோலை நகர்த்துவதை எதில் சேர்ப்பது?

தேரிக்காட்டில் பிரச்சினை வேறு. அந்த மணலின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வந்தது. கேமராவைத் தானியங்கி வெள்ளைச் சமநிலையில் விட்டால், இவ்வளவு சிவப்பு இருக்க முடியாது என்று முடிவு கட்டி நீலத்தைக் கலந்துவிடும். மணல் செங்கல் தூளாக மங்கும், முகம் நோயாளி போல வெளிறும். வெள்ளைச் சமநிலையை “பகல் வெளிச்சம்” என்பதில் நிறுத்துங்கள். எண்ணில் சொன்னால் 5,500 கெல்வினுக்கு அருகில். ஆடிக் காற்று நேரத்தில் அங்கே லென்ஸ் மாற்றவே வேண்டாம். பொடி மணல் சென்சாரில் ஒட்டினால் அன்றைய எல்லா வானத்திலும் கறை. ஒரே லென்ஸோடு போய்விடுவது நல்லது. எனக்கு 35 மில்லிமீட்டர் போதும். அதில் எடுக்க வேண்டுமானால் ஆளுக்குப் பக்கத்தில் போயாக வேண்டும், பேசியாக வேண்டும்.

பனையேறிகளை எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலயத்தோடு இறங்கி வந்தவரிடம் “அண்ணாச்சி, இன்னொரு தடவை ஏறுங்க, சரியா வரல” என்று கேட்காதீர்கள். அவர் ஏறுவது விழுந்தால் எலும்பு தேறாத உயரம். நாள் முழுக்க எத்தனையோ மரம் ஏறி இறங்குகிறவர். படம் தப்பினால் அடுத்த மரத்தில் அவர் ஏறும்போது எடுக்கலாம், மறுநாள் வரலாம். நடிக்கச் சொல்லி எடுத்த படத்தில் அவர் முகம் கேமராவுக்காக வைத்த முகமாகத்தான் இருக்கும். காசு கொடுத்து நிறுத்துவதையும் நான் செய்வதில்லை. பதநீர் விற்கிறாரா, வாங்கிக் குடிக்கிறேன். கருப்பட்டி இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

இனி குலசேகரன்பட்டினம் தசரா இரவு. விரதமிருந்து காளி, குறவன், ராஜா, குரங்கு என்று வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து, முத்தாரம்மன் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். கடற்கரையில் சூரசம்ஹாரம். டியூப் லைட்டும் எல்இடியும்தான் வெளிச்சம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 விநாடியில் வையுங்கள். அதைவிட வேகமாகப் போனால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறுவதற்குத் தயங்க வேண்டாம். இப்போதைய கேமராக்கள் தாங்கும். பிளாஷ் மட்டும் கூடாது. கறுப்பு பூசிய முகத்தில் பிளாஷ் அடித்தால் எண்ணெய் மினுக்கம்தான் தெரியும், கண் தெரியாது. அதைவிட முக்கியம், அருள் வந்து ஆடுகிறவர் கண்ணில் திடீரென்று வெள்ளை வெளிச்சம் அடிப்பது அராஜகம். அவர் வேடிக்கை காட்ட வரவில்லை, நேர்ச்சை செலுத்த வந்திருக்கிறார். முன்கூட்டியே ஒரு தசராக் குழுவோடு பழகி, அவர்கள் வேடம் கட்டுகிற வீட்டிலேயே போய் உட்காருங்கள். கிரீடம் கட்டும்போது வலிக்கிற தலை, கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கும்பிடுகிற கை, அம்மா ஊட்டிவிடுகிற வாழைப்பழம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். மைதானத்துக் கூட்டத்தில் கிடைக்காது.

சாமான்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடலோர ஊரில் ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் பூத்து, அந்த 25 நிமிடமும் துடைப்பதிலேயே போய்விடும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் அடைத்தபடி அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். உப்புக்காற்றில் எடுத்த அன்றே ஈரத்துணியால் துடைத்துப் பிறகு உலர்துணியால் துடையுங்கள். லடாக் மாதிரிக் குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உபரி பேட்டரி சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பவர் பேங்க் 100 வாட் ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட் ஹவர்.

இரவு விடுதிக்குத் திரும்பியதும் சாப்பாட்டுக்கு முன்பே படங்களை நகலெடுத்துவிடுங்கள். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொன்ன 3-2-1 கணக்கைப் பல துறைக்காரர்களும் பின்பற்றுகிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். பயணத்தில் இதை எளிதாகச் செய்யலாம். மெமரி கார்டை அழிக்காமல் வையுங்கள். ஒரு நகல் லேப்டாப்பில், ஒரு நகல் சிறிய எஸ்எஸ்டியில். எஸ்எஸ்டி லேப்டாப் பையில் இருக்கக் கூடாது. பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். இடுப்புப் பையிலோ துணிமணிக்குள்ளோ போடுங்கள். தெரியாமல் கார்டை அழித்துவிட்டால் பதற வேண்டாம். அழிந்தது அட்டவணைதான், மேலே புதிதாக எழுதாத வரை படம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி வைத்துவிட்டு, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்கலாம்.

அனுமதி விஷயத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வாசலில் போன் வைக்குமிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிட 2021 விதிகள் இருக்கின்றன; எங்கள் ஊர் போல விமான நிலையமும் துறைமுகமும் உள்ள பக்கங்களில் வரைபடம் பார்க்காமல் மேலே ஏற்றாதீர்கள். குழந்தைகளை எடுக்கப் பெற்றவர்களைக் கேளுங்கள். அந்தப் படங்களைப் பகிரும்முன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். பறவைக் கூட்டின் படத்துக்கும் அப்படியே.

படத்தை விற்க நினைப்பவர்கள் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விவரத்தை அறிந்திருக்க வேண்டும். படத்தின் ஆசிரியர் எடுத்தவர்தான். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, அவருக்காகவே எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர் ஆகிவிடுவார். வேலையை ஒப்புக்கொள்ளும் மின்னஞ்சலிலேயே உரிமை யாருக்கு, எத்தனை முறை அச்சிடலாம் என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எடுத்த படத்தை உரியவரிடம் சேர்ப்பது. வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் சுருங்கிப் போகும். டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள். அதைவிடக் காகிதப் படம்தான் உப்பளத்திலும் தேரியிலும் மதிக்கப்படுகிறது. ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ் என்று கேட்டால் 4-க்கு 6 அங்குலத்தில் போட்டுத் தருவார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் இரண்டே கால் மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். எந்தப் போன் படமும் தாங்கும். பிரிண்ட் போடுகிறவரிடம் “கரெக்‌ஷன் வேண்டாம், கலர் உள்ளபடி இருக்கட்டும்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் நல்ல மனத்தோடு வெளுத்துக் கொடுத்துவிடுவார். முகவரி கிடைக்காதவர்களுக்கு அந்த ஊர் டீக்கடையிலோ உப்பளத்துக் கணக்கரிடமோ கொடுத்துவைக்கலாம். படத்தின் பின்பக்கம் அவர் பெயரும் ஊரும் தேதியும் எழுதுங்கள். வழவழப்பான அந்தத் தாளில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அழியாத மை மார்க்கரால் எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள்.